இடது கதவின் கோளாறு, வலது கதவில்

ஐப்பசி மாத மாலை. செங்கல்பட்டைத் தாண்டியதும் சாரல் வலுத்துப் பெருமழையாயிற்று. வழி கேட்பதற்காக இறக்கிய முன்பக்க இடது கண்ணாடி திரும்ப ஏறும்போது பாதியில் நின்றுவிட்டது. ஸ்விட்சை இழுத்தால் கதவுக்குள்ளிருந்து தளர்ந்த முனகல் வரும், கண்ணாடி இரண்டு விரற்கடை ஏறும், நின்றுவிடும். வண்டியை ஓரங்கட்டினேன். மகள் கண்ணாடியின் உள்ளும் புறமும் உள்ளங்கைகளை அழுத்தி மேலே தள்ள, நான் என் பக்க ஸ்விட்சை இழுத்துப் பிடிக்க, ஒருவழியாக மூடியது. அதற்குள் அவள் மடி நனைந்துவிட்டது.

மறுநாள் மெக்கானிக் இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "மோட்டார் வீக் ஆயிடுச்சு சார். மெஷினோட செட்டா மாத்திடலாம்" என்றார். அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. கண்ணாடி இறங்கும்போது சுறுசுறுப்பாக இறங்குகிறது, ஏறும்போதுதான் திணறுகிறது. ஏற்றத்துக்குத்தானே வலு வேண்டும்? ஆனாலும் எனக்குள் ஒரு நெருடல். இறங்கும்போது அந்த மோட்டார் துளிகூடச் சோர்வைக் காட்டவில்லை. வலுவிழந்த மோட்டார் என்றால் இரு திசையிலும் கொஞ்சமாவது இழுக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு முழுவதும் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்ததில் நான் புரிந்துகொண்டது இது: பவர் விண்டோவில் பழுது என்று வரும்போது எல்லாரும் முதலில் சந்தேகப்படும் மோட்டார் பல நேரங்களில் நிரபராதி. உண்மையான குற்றவாளிகள் இரண்டு தடைகள். ஒன்று ரப்பரில் உள்ள உராய்வுத் தடை, மற்றொன்று மின்தொடர்பில் உள்ள மின்தடை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிறிய காரின் முன்கதவுக் கண்ணாடி ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. அது 45 சென்டிமீட்டர் ஏறுவதற்கு 4 விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அதைத் தூக்க மட்டும் தேவைப்படும் திறன் சுமார் 4 வாட். ஆனால் அப்போது மோட்டார் 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுத்தால், பேட்டரியிலிருந்து போவது 72 வாட். பதினெட்டில் ஒரு பங்குதான் கண்ணாடியைத் தூக்கப் போகிறது. மீதி எங்கே?

ஒரு பகுதி மோட்டாரின் சுருளிலேயே வெப்பமாகிறது. ஒரு பெரும்பகுதியைப் பல்சக்கரம் விழுங்குகிறது. மோட்டாரின் முனையில் திருகாணி போன்ற உருக்குத் தண்டு இருக்கிறது. அது ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தைத் தள்ளிச் சுற்றுகிறது. வொர்ம் கியர் என்பது இதன் பெயர். தண்டு பல பத்துச் சுற்றுகள் சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். கைக்குள் அடங்கும் மோட்டார் இவ்வளவு விசை தருவதற்கு இந்தக் குறைப்புதான் காரணம். இதற்கு இன்னொரு குணமும் உண்டு. தண்டு சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரம் தண்டைச் சுற்ற முடியாது. திருகின் சரிவு அவ்வளவு குறைவு, உராய்வே பூட்டாகிவிடுகிறது. வெளியே நிற்கும் ஒருவர் கண்ணாடியை அழுத்திக் கீழே இறக்க முடியாமல் போவது இதனால்தான். இப்படித் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் கியர், தான் வாங்கும் ஆற்றலில் பாதியைக்கூட வெளியே தராது என்பது இயந்திரவியலின் கறாரான விதி. பாதுகாப்புக்காக நாம் கொடுக்கும் விலை அது.

எஞ்சியதை ரப்பர் எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி ஓடும் பள்ளத்தின் இரு ஓரங்களிலும் ரப்பர் பீடிங் இருக்கிறது; கதவின் இடுப்பில் உள்ளும் புறமும் இரண்டு பட்டைகள் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கின்றன. கவ்வாவிட்டால் தண்ணீரும் காற்றின் இரைச்சலும் உள்ளே வரும். அதிகமாகக் கவ்வினால் கண்ணாடி நகராது. புதிய வண்டியில் இந்தச் சமநிலை சரியாக இருக்கும், ரப்பரின் மேல் மென்மயிர் போன்ற ஒரு பூச்சும் இருக்கும். பத்து வருடப் புழுதியில் அந்த மயிர் தேய்ந்து, பள்ளத்தில் மண் படிந்து, மழையில் குழைந்து, வெயிலில் இறுகிப் போகிறது. மோட்டார் அப்படியேதான் இருக்கிறது. அது தாண்ட வேண்டிய தடைதான் வளர்ந்துவிட்டது.

இனி மின்சாரப் பக்கம். இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோளாறைக் கண்டுபிடிக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது.

சுழலும் டி.சி. மோட்டார் அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டராகவும் நடந்துகொள்கிறது. காந்தப் புலத்துக்குள் சுருள் சுற்றுவதால், பேட்டரிக்கு எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தம் அதற்குள்ளேயே பிறக்கிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடும். ஆகவே மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது அதற்குக் கிடைக்கும் வோல்ட். அது எவ்வளவு ஆம்பியர் இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது சுமை. சுமை கூடினால் வேகம் குறையும், எதிர் மின்னழுத்தம் தளரும், கூடுதல் மின்னோட்டம் உள்ளே பாயும், அதனால் திருப்புவிசை கூடும். கண்ணாடி அடியோடு சிக்கி நின்றுவிட்டால் எதிர் மின்னழுத்தமே இல்லை. சாதாரண ஓட்டத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து சுருள் சூடேறும். அப்போது சுருளைக் காப்பாற்றுவதற்காகப் பல மோட்டார்களில் ஒரு சின்ன வில்லை இருக்கிறது. பிளாஸ்டிக்குக்குள் கரித்துகள் கலந்தது. சூடேறியதும் பிளாஸ்டிக் விரிந்து துகள்கள் ஒன்றையொன்று தொடுவது குறைகிறது. மின்னோட்டம் வெகுவாக அடங்கிவிடுகிறது. ஆறினால் பழையபடி கடத்தும். "பத்து நிமிஷம் விட்டுட்டுப் பாத்தா வேலை செய்யுது" என்று சொல்லும் கண்ணாடிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. நின்றுபோன கண்ணாடிக்கு ஸ்விட்சை இழுத்தபடியே பிடித்திருப்பது மோட்டாருக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

ஆக, கண்ணாடி மெதுவாக ஏறுகிறதென்றால் இரண்டு வகையில் நடந்திருக்கலாம். மோட்டாருக்கு 12 வோல்ட் முழுதாகக் கிடைத்தும் சுமை தாங்காமல் திணறலாம். அல்லது சுமை சாதாரணமாக இருந்தும், வழியில் எங்கோ வோல்ட் களவுபோய், 7 அல்லது 8 மட்டுமே வந்து சேரலாம். காதால் பிரித்தறிவது கடினம். மீட்டர் நொடியில் பிரித்துவிடும். ஆனால் அளக்க வேண்டிய முறையில் அளக்க வேண்டும்.

மோட்டாருக்கு வரும் ஒயர்களின் இணைப்பான கப்ளரைக் கழற்றிவிட்டு அதில் மல்ட்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய எப்போதும் 12 வோல்ட் காட்டும். தொடர்பு கருகிப் போயிருந்தாலும் காட்டும். காரணம், டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம்; அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவு. அந்தத் துளி மின்னோட்டத்துக்கு ஒரு ஓம் தடை ஒரு பொருட்டே அல்ல. அதே ஒரு ஓம் வழியாக 5 ஆம்பியர் போனால் 5 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். ஆகவே கப்ளரை மாட்டியபடியே, அதன் பின்புறமாக மெல்லிய ஊசியை நுழைத்து, ஒருவர் ஸ்விட்சை இழுக்க, மோட்டார் இயங்கும்போது அளக்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் இண்டிகேட்டரின் 21 வாட் பல்பில் இரண்டு ஒயரைச் சுற்றி டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளலாம். அது இரண்டு ஆம்பியரை நெருங்கி இழுக்கும். கழற்றிய கப்ளரில் வைத்துப் பார்த்தால், பளிச்சென்று எரிந்தால் வழி சரி, மங்கினால் வழியில் தடை. பழைய எலக்ட்ரீஷியன்கள் பல்பை ஏன் விடுவதில்லை என்பது எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது.

அளப்பதற்கு முன்பே, சுற்றைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோது பாதி விடை கிடைத்துவிட்டது. கணினி இல்லாத எளிய கார்களில் ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டே ஒயர். ஏற்றும் ஒயர், இறக்கும் ஒயர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். யாரும் ஸ்விட்சைத் தொடாதபோது இரண்டும் எர்த்தில் இருக்கின்றன. ஏற்றுவதற்கு இழுத்தால், ஏற்றும் ஒயர் மட்டும் எர்த்தை விட்டு 12 வோல்ட்டுக்குத் தாவும். மின்னோட்டம் மோட்டார் வழியே போய், இறக்கும் ஒயர் மூலமாக எர்த்துக்குத் திரும்பும். இறக்கும்போது இது தலைகீழ். விரலை எடுத்தவுடன் இரண்டு முனைகளும் மறுபடி எர்த்தில் இணைந்துவிடுவதால், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தன் முனைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட ஜெனரேட்டராகித் தானே பிரேக் போட்டுக்கொள்கிறது. விட்ட இடத்தில் கண்ணாடி நிற்பதற்கு அதுவும் உதவுகிறது.

கவனிக்க வேண்டியது, அந்த எர்த் எங்கே இருக்கிறது என்பது. இடது கதவில் இல்லை. ஓட்டுநர் கதவில் நான்கு ஸ்விட்சும் சேர்ந்திருக்கும் பெட்டிக்குள் இருக்கிறது. இடது இருக்கைக்காரர் தன் ஸ்விட்சை இழுத்தாலும் மின்னோட்டம் கதவைக் கடந்து, ஓட்டுநரின் பெட்டிக்குள் புகுந்து, அங்கே ஓய்வில் இருக்கும் தொடர்பு வழியாகத்தான் எர்த்தை அடைகிறது.

இப்போது என் வண்டியின் அறிகுறிகளை இந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஸ்விட்சால் ஏற்றினாலும் திணறல். எந்த ஸ்விட்சால் இறக்கினாலும் சுறுசுறுப்பு. ஏற்றும்போது இரண்டு ஸ்விட்சுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு: இறக்கும் ஒயர் ஓட்டுநர் பெட்டிக்குள் எர்த்தைத் தொடும் அந்த ஒற்றைப் புள்ளி. இறக்கும்போது அந்தப் புள்ளிக்கு வேலையே இல்லை. துவரம்பருப்பளவுகூட இல்லாத ஓர் உலோகத் தொடர்பு கருகியிருந்தால் இத்தனையும் பொருந்தும்.

பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. இடது கதவைத் திறந்தேன். இதற்குப் பெரிய ஆயுதங்கள் தேவையில்லை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பத்து நம்பர் ஸ்பானர், துணி சுற்றிய மர ஸ்கேல். உள்கைப்பிடியின் குழிக்குள் ஒரு திருகு, கைதாங்கியின் மூடிக்குள் ஒரு திருகு ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்தபின் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடின் கீழ் ஓரத்தில் ஸ்கேலை நுழைத்து மெல்ல நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடும். பிறகு பேடை அப்படியே மேல்நோக்கித் தூக்க வேண்டும். வெளிப்பக்கமாக இழுத்தால் உடையும். சில கார்களில் பக்க மோதலை உணரும் ஏர்பேக் உணரி கதவுக்குள்ளேயே இருக்கிறது. அத்தகைய வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே எந்தக் கப்ளரையும் கழற்ற வேண்டும். மெக்கானிக் 'மெஷின்' என்று சொன்ன, கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரைத் தொடும் எண்ணம் இருந்தால், கண்ணாடியை மேலே ஏற்றி அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு ஒட்டிவிடுவது அவசியம். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றி வேகமாகக் குளிர்வித்த வலுக்கண்ணாடி. அதன் மேற்பரப்பு அழுந்திய நிலையிலும் உட்பகுதி இழுபட்ட நிலையிலும் எப்போதும் இருக்கின்றன. நடுவில் கையால் தட்டினால் தாங்கும். ஓரத்தில் கூரான உலோகம் ஒன்று பட்டால் அந்த இறுக்கம் முழுவதும் ஒரே கணத்தில் விடுபட்டு, மொத்தமும் கல்கண்டு போல் உதிர்ந்துவிடும். கத்தரிக்கோல் போல விரியும் வகை ரெகுலேட்டராக இருந்தால் அதன் சுருள்வில்லின் அருகே கை வைக்கவே வேண்டாம். மோட்டாரைக் கழற்றியதும் அது விரலை நசுக்கும் வேகத்தில் விடுபடக்கூடும்.

"அப்பா, இப்ப இழுக்கவா?" என்று மகள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து கேட்டாள். இழுக்கச் சொன்னேன். பேட்டரியில் 12.2 வோல்ட். மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே 7.5. மீட்டரின் ஒரு முனையை வண்டியின் உடலிலும் மற்றொன்றை இறக்கும் ஒயரிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த்துக்குப் போகும் வழியிலேயே மூன்றில் ஒரு பங்கு தொலைந்திருக்கிறது. இறக்கச் சொன்னேன். மோட்டாருக்கு 11.5 கிடைத்தது. மோட்டாரின் மேல் இருந்த சந்தேகம் அந்த நொடியில் தீர்ந்தது.

வலது கதவின் ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றி, பக்கக் கொக்கிகளை நெம்பித் திறந்தேன். திறப்பதைத் தட்டு ஒன்றின் மேல் செய்யுங்கள். உள்ளே இருக்கும் சிறு வில்களும் தொடர்புத் தகடுகளும் துள்ளி ஓடும். நான்கு வரிசைத் தொடர்புகளில் ஒன்று மட்டும் கருத்து, ஓரத்தில் பச்சை பிடித்திருந்தது. காரணம் யோசித்தால் எளிது. சுங்கச்சாவடியில் நிற்கும்போதெல்லாம் மழையோ வெயிலோ ஓட்டுநர் கண்ணாடிதான் இறங்குகிறது. சொட்டும் நீர் நேராக அந்தப் பெட்டியின் மேல் விழுகிறது. அதோடு, மோட்டார் ஒரு கம்பிச்சுருள். ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் சுருள் அதை எதிர்க்கும். பிரியும் தொடர்புகளுக்கிடையே சிறு பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஒரு நுண்குழியைத் தோண்டுகிறது. ஈரமும் பொறியும் சேர்ந்தால் செம்பு தாங்காது.

உப்புத்தாளை எடுக்கத் தோன்றும். வேண்டாம். பல ஸ்விட்சுகளில் தொடர்பின் மேல் வெள்ளிப் பூச்சு உண்டு. அழுத்தித் தேய்த்தால் அது போய்விடும், ஆறே மாதத்தில் பழைய கதை திரும்பும். கான்டாக்ட் கிளீனர் நனைத்த தடித்த காகிதத் துண்டைத் தொடர்புகளுக்கிடையே வைத்து, லேசாக அழுத்தி இழுத்தேன். பத்துப் பதினைந்து முறை இழுத்ததும் காகிதத்தில் கருப்பு வருவது நின்றது. மாட்டி மறுபடி அளந்தபோது அந்த 4 வோல்ட் 0.2 ஆகியிருந்தது. குழி மிக ஆழமாக இருந்திருந்தால் ஸ்விட்ச் பெட்டியை மாற்ற வேண்டியிருக்கும். அப்போதும் அந்தப் பெட்டி, மோட்டாரும் ரெகுலேட்டரும் சேர்ந்த செட்டைவிட மலிவாகத்தான் வந்திருக்கும்.

கண்ணாடி ஏறியது. ஆனாலும் நான் எதிர்பார்த்த வேகம் இல்லை. இரண்டாவது குற்றவாளி இன்னும் பாக்கி. ஸ்கேலில் ஈரத்துணி சுற்றிப் பள்ளத்துக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்ததில் செம்மண் கூழாக வந்தது. நான்கு துணிகள் ஆயின. காய்ந்த பிறகு சிலிக்கோன் ஸ்பிரே. இங்கே நம் பட்டறைகளில் பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்: பீடிங்கில் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவக்கூடாது. கதவு ரப்பர்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற வகை, பெட்ரோலிய எண்ணெய் அதற்குள் ஊறி ரப்பரை உப்பச் செய்துவிடும். முதல் வாரம் வழுக்கும், அப்புறம் முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கும், போதாததற்குப் புழுதியையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். கிரீஸ், ரெகுலேட்டரின் உலோகத் தண்டவாளத்துக்கு மட்டும்.

இந்த இரு தடைகளும் ஒன்றையொன்று வளர்ப்பவை. பள்ளத்தில் உராய்வு கூடினால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. ஆம்பியர் கூடினால் கருகிய தொடர்பில் வோல்ட் இழப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. தனித்தனியாக இருந்தால் ஒருவேளை இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கும். அந்த மழை மாலையில் சேறும் ஈரமும் கைகோத்துக்கொண்டன.

ஒரே இழுப்பில் தானாக ஏறும் கண்ணாடி உள்ள கார்களில் இதே உராய்வு வேறு வேடத்தில் வரும். முழுதாக மூடப் போகும் நேரத்தில் கண்ணாடி திடுமெனக் கீழே இறங்கிவிடும். பழுது என்று நினைத்து ஸ்விட்சை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது பழுதல்ல. தானாகத் திரும்பும் ஏற்பாடு உள்ள கண்ணாடி, இடையில் ஒரு கையோ கழுத்தோ சிக்கினால் 100 நியூட்டன் விசையைத் தாண்டுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்கிறது அமெரிக்காவின் 118ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி. கிட்டத்தட்ட 10 கிலோ எடையின் அழுத்தம் அது. பெரும்பாலும் மோட்டார் சுழலும் வேகம் எதிர்பாராமல் தளர்வதைக் கொண்டுதான் தடையை அந்த ஏற்பாடு உணர்கிறது. இறுகிய ரப்பருக்கும் குழந்தையின் விரலுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. தெரியாதபோது இறங்கிவிடுவதே சரி. அங்கேயும் முதல் மருந்து ஈரத்துணியும் சிலிக்கோனும்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், மேல் எல்லை எது என்பதை அதற்கு மறுபடி கற்பிக்கவும் வேண்டியிருக்கும். கையேட்டில் முறை இருக்கும். பல கார்களில், முழுதாக மூடியபின் ஸ்விட்சைச் சில விநாடி இழுத்துப் பிடித்திருந்தாலே போதும். பழைய எளிய கார்களில் இந்தக் காவல் கிடையாது. அத்தகைய வண்டியில் குழந்தைகள் ஏறினால், ஓட்டுநர் பக்கத்து லாக் ஸ்விட்சை அழுத்தி வைத்துவிடுங்கள்.

எல்லாக் கோளாறும் இப்படித் துணியாலும் காகிதத்தாலும் தீராது. மோட்டார் சீறிச் சுழலும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால், ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் லாக்கு உடைந்திருக்கலாம். கேபிளை முறுக்கிக் கட்டி ஒப்பேற்றுவது நிற்காது. ரெகுலேட்டரை மாற்றத்தான் வேண்டும். சத்தமே இல்லையென்றால் இரவில் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்விட்சை இழுத்துப் பாருங்கள். விளக்கு சற்றே மங்கினால் மின்னோட்டம் மோட்டாருக்குப் போகிறது, எங்கோ சிக்கியிருக்கிறது. மங்கவே இல்லையென்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், அல்லது கதவின் கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் வளைந்து வளைந்து அறுந்த ஒயர். மோட்டார் மேல் ஸ்பானரின் கைப்பிடியால் லேசாகத் தட்டும்போது அது உயிர்பெற்றால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போது மெக்கானிக் சொல்வதுதான் சரி, செட்டாக மாற்றிவிடலாம்.

கதவை மூடுவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பலர் வெறும் உறை என்று எண்ணிக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கதவுக்குள் மழைநீர் போகத்தான் செய்யும். அப்படித்தான் கதவு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியில் வழியும் நீர் உள்ளே இறங்கி, கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியே வடிந்துவிடும். அந்த நீர் இருக்கைப் பக்கம் வராமல் தடுப்பது இந்த ஷீட் மட்டும்தான். அதைச் சுற்றியிருந்த கருப்புப் பசை இன்னும் பிசுபிசுப்போடு இருந்தது. விளிம்பு முழுக்க விரலால் அழுத்தி ஒட்டினேன். மகள் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்புறம் ஊற்றினாள். நான் தரையில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கதவின் அடியில் இருந்த துளைகளைக் குச்சியால் குத்தியதும் அடைத்திருந்த மண் கழன்று, முதலில் சேறாகவும் பிறகு தெளிந்தும் தண்ணீர் தரையில் கொட்டியது. அதன் பிறகே பேடை மாட்டினோம்.